ஒரே சட்டியில் நாலு பேர்

பத்து நாளாக மத்தியான இடைவேளையில் லென்ஸக்காவுக்கு ஒரே வேலைதான், நோஸ் பேட் பொறுக்குவது. கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்காமல் இருக்க வைக்கிற அந்த ரப்பர் குமிழ்களை ஒரு டப்பா மூடியில் கொட்டிக்கொள்வாள். இரண்டு பென்சிலை விரலிடுக்கில் மாட்டி, ஒவ்வொன்றாகத் தூக்கி இன்னொரு மூடியில் போடுவாள். முதல் நாள் ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் நாள் மூன்று வந்தன, நாலாவது பறந்துபோய்ச் சாணை மெஷினுக்கு அடியில் விழுந்தது. ஒரு வாரத்தில் மூடியை ஐந்து நிமிஷத்தில் காலி செய்யத் தேறிவிட்டாள். நாற்பத்தேழு வயது மனுஷி இப்படி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னக்கா, ஆபரேஷன் பண்ணப் பழகுறீங்களா?" என்று கேட்டாள் கடையில் பில் போடுகிற பெண்.

"இல்லை. ஜப்பான்காரன் வீட்டுக்கு மருமகளாப் போறேன். போனதும் உனக்கும் ஒரு மாப்பிள்ளை பாக்குறேன், கவலைப்படாதே."

கண்ணாடிக் கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். பின்பக்கத்து அறையில்தான் லென்ஸக்காவின் ராஜ்யம். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்து, மாட்டி, துடைத்துக் கொடுப்பது அவள் வேலை. தேய்க்கும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அதனால் இருபத்தொரு வருஷமாக அவள் முன்கை எப்போதும் ஈரம். அரை மில்லிமீட்டர் கூடினால் ஃபிரேம் விரிந்துகொடுக்கும், குறைந்தால் லென்ஸ் கழன்று விழும். அந்த அரை மில்லிமீட்டரை அளவுகோல் இல்லாமலே சொல்லிவிடுவாள். லென்ஸில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. மனுஷர்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் கண் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

போன வருஷம் அவளுக்கு இருமல் பிடித்தது. முதலில் சாணைத் தூசி என்றாள், பிறகு பனி என்றாள், அதன் பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் மெலிந்துகொண்டே போனாள். தம்பிதான் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. முதல் சில வாரம் தனி அறையில் இருக்கச் சொன்னார்கள், இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தம்பியின் மகளுக்கு ஏழு வயது, வீட்டில் வாண்டு என்றுதான் பெயர். அந்தப் பிஞ்சுக்கு ஒன்று வந்துவிடக் கூடாதே என்று தம்பியைவிட அவள்தான் பயந்தாள். யாராவது அறைப்பக்கம் வந்தால் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொள்வாள்.

அந்த நாட்களில்தான் பச்சைத் தட்டு வந்தது. வீட்டில் மற்ற தட்டெல்லாம் வெள்ளை. இது மட்டும் பச்சை விளிம்பு போட்டது. அதே பச்சையில் ஒரு குவளை, பிடியில் நூல் சுற்றிய ஒரு கரண்டி. தேய்க்கத் தனிப் பஞ்சு, வைக்கத் தனி அலமாரித் தட்டு. ஜன்னலோரத்தில் ஒரு சின்ன மேஜையும் வந்தது. "காத்தோட்டமா இருக்கும்" என்றார்கள். அந்த வருஷம் முழுக்க அவள் காதில் அதிகம் விழுந்த வார்த்தை அதுதான். ஆஸ்பத்திரியிலும் காத்தோட்டம், வீட்டிலும் காத்தோட்டம். கடை முதலாளிகூட அவள் மெஷினை வெளிக்காற்று விசிறிக்குப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு அதையேதான் சொன்னார்.

ஆறு மாதம் முடிந்தது. சளியைப் பரிசோதித்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

"முழுசா குணமாயிடுச்சு. இனிமே நீங்களும் மத்தவங்க மாதிரிதான். எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுங்க, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுங்க."

"தட்டு, டம்ளர் எல்லாம்?"

"அதுல எல்லாம் பரவுற வியாதியே இல்லைம்மா இது. காத்துல பரவுறது. அதுவும் இப்ப உங்ககிட்ட இல்லை. சும்மா பயப்படாதீங்க."

லென்ஸக்கா சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். வாய்விட்டுச் சொல்ல அவளுக்குக் கூச்சம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிற கதவு, கண்ணில் படாமலா போகும் என்பது அவள் கணக்கு. நாலு மாதம் ஆயிற்று. கதவு திறந்தது, மூடியது, பாலும் முட்டையும் போய்வந்துகொண்டிருந்தன. பச்சைத் தட்டு அதே இடத்தில் இருந்தது. முன்பெல்லாம் அத்தையின் வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கிய வாண்டு, இப்போது கதவு நிலையில் நின்று கையாட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் கிட்டே ஓடிவந்தவளை உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். யார் என்று லென்ஸக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாள்.

ஏனென்றால் இதெல்லாம் யார் வேலை என்று அவள் எப்போதோ முடிவுகட்டியிருந்தாள். தம்பி மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்கக் கருவிகளை வேகவைத்து எடுப்பதும், கையுறையை மாட்டிக் கழற்றுவதும்தான் பிழைப்பு. தெருவில் வாங்கிய ஆப்பிளைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவள். அவள் பச்சைத் தட்டு வாங்காமல் வேறு யார் வாங்குவார்கள்? நாத்தனாரை "அண்ணி, அண்ணி" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் தட்டை மட்டும் மாற்றமாட்டாள். லென்ஸக்காவுக்கு உள்ளுக்குள் கசந்தது. இருந்தாலும், தம்பி என்று ஒருத்தன் இருக்கிறான், என்றாவது ஒருநாள் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் நாலு மாதமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

தம்பிக்குக் குளியலறை ஓடு விற்கிற கடையில் வேலை. வாடிக்கையாளரிடம் நாக்குத் தேய்கிறவரை பேசுவான், வீட்டுக்கு வந்தால் வாயைத் தைத்துக்கொண்ட மாதிரி இருப்பான். அந்த மாதம் விற்பனையில் முதலாவதாக வந்ததற்குக் கடையில் ஒரு விருந்துச் சீட்டு கொடுத்தார்கள். ஊருக்குள் புதிதாகத் திறந்திருந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு, நாலு பேருக்கு. அன்றைக்குச் சாப்பிடும்போது அவன் மேஜையில் இருந்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீயும் வர்றே. நாலு பேருக்குச் சீட்டு."

லென்ஸக்காவுக்குக் கரண்டி கையிலேயே நின்றது. நாலு பேர். அவளையும் சேர்த்தால்தானே நாலு.

மறுநாள் கடையில் பில் போடுகிற பெண்ணின் கைப்பேசியில் அந்த ஜப்பான் சாப்பாட்டைப் பார்த்தாள். மேஜைக்கு நடுவில் ஓர் அடுப்பு, அதன் மேல் ஒரு பெரிய சட்டி, அதில் கொதிக்கிற தெளிந்த நீர். சுற்றி உட்கார்ந்தவர்கள் காகிதம் மாதிரி சீவிய இறைச்சியைக் குச்சியால் எடுத்து, அந்த நீரில் இப்படி அப்படி இரண்டு ஆட்டு ஆட்டி, நிறம் மாறியதும் எடுத்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். முட்டைக்கோசு, காளான், சோயாக் கட்டி எல்லாம் அதே சட்டியில். ஆளாளுக்குப் போடுகிறார்கள், ஆளாளுக்கு எடுக்கிறார்கள். யார் போட்டதை யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கிற சாற்றில் சோற்றைக் கொட்டி, முட்டை உடைத்து ஊற்றிக் கிளறி, ஆளுக்கு ஒரு கிண்ணம் பங்கிட்டார்கள். லென்ஸக்கா அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னாள்.

"நாலு பேருக்கும் ஒரே சட்டியாக்கா?"

"ஒரே சட்டிதான் போல."

அவளுக்குத் தலைகால் புரியாமல் போனது அப்போதுதான். தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? சின்ன வயதில் சண்டை போட்டால் அவன் வாயால் சமாதானம் பேசியதே கிடையாது. தன் பங்கு பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் அவள் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுவிட்டுப் போவான். மத்தியானம் பையைத் திறந்தால் நொறுங்கிய பிஸ்கட் இருக்கும், சண்டை முடிந்தது என்று அர்த்தம். இதுவும் அந்த மாதிரிதான் என்று அவள் முடிவுசெய்தாள். பெண்டாட்டியை எதிர்த்துத் தட்டைத் தூக்கிப்போட அவனுக்குத் தைரியம் இல்லை. அதனால் எல்லாரையும் ஒரே சட்டிக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைக்கப் பார்க்கிறான். ஒரு தடவை ஒரே சட்டியில் சாப்பிட்டுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பச்சைத் தட்டை நீட்டுவார்கள்?

இந்த நினைப்பில்தான் பென்சிலும் நோஸ் பேடும். அங்கே போய்க் குச்சி பிடிக்கத் தெரியாமல் முழித்தால், "அண்ணிக்குக் கஷ்டமா இருக்கு, தனியா ஒரு தட்டுல எடுத்து வெச்சிடலாம்" என்று யாராவது ஆரம்பித்துவிட்டால்? அந்த ஒரு வாய்ப்பைக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பத்து நாளும் வெறியோடு பழகினாள். கடைசி நாள் கண்ணாடி ஸ்க்ரூவையே தூக்கிக் காட்டினாள். கடுகில் பாதி இருக்கும் அது. பில் போடுகிற பெண் கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, வெளியே போட்டுப்போகவென்று எடுத்துவைத்திருந்த நீல உடுப்பைப் போட்டுக்கொண்டாள். கிளம்புகிற நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த சான்றிதழை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இருக்கட்டுமே என்று ஒரு இது. காந்தம் மட்டும் கதவில் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

கடை இரண்டாம் மாடியில். உள்ளே நுழைந்ததும் கண்ணாடி போட்டவர்கள் எல்லாருக்கும் ஆவி படிந்து பார்வை மறைந்தது. லென்ஸக்காவுக்கு அதைப் பார்க்கவே குஷியாக இருந்தது. "பூச்சு சரியில்லாத லென்ஸ், பாரு" என்று வாண்டுவிடம் மெல்லச் சொன்னாள். வாண்டு கிளுகிளுவென்று சிரித்தாள். நாலு பேருக்கான மேஜை. நடுவில் வட்டமாகக் கறுப்பு அடுப்பு. தம்பியும் வாண்டுவும் ஒரு பக்கம் உட்கார, லென்ஸக்காவும் தம்பி மனைவியும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு எல்லாருடனும் ஒரே மேஜை. இருமி வைக்கக் கூடாதே என்று தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.

பரிமாறுகிற பெண் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு பெரிய சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு துண்டு கடல்பாசி. அடுப்பைப் போட்டுவிட்டு, குச்சியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். தம்பி இரண்டையும் முஷ்டியில் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினான். லென்ஸக்கா ஒன்றும் தெரியாதவள் மாதிரி கையில் எடுத்தாள். குச்சி இரண்டும் தானாகப் போய் இடத்தில் உட்கார்ந்தன.

"இவங்களைப் பாருங்க. பழகினவங்க மாதிரியே பிடிக்கிறாங்க" என்றாள் பரிமாறுகிற பெண்.

"சும்மா வந்துடுச்சு" என்றாள் லென்ஸக்கா. பத்து நாள் உழைப்புக்கு அந்த ஒரு பாராட்டிலேயே மனசு குளிர்ந்துபோனது.

பரிமாறுகிற பெண் உள்ளே போய் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தட்டில் ஒரு சின்னச் சட்டி. ஒரு ஆள் கையகலம்தான் இருக்கும். அதற்கென்று ஒரு குட்டி அடுப்பு, ஒரு கிண்ணத்தில் குழம்பு, ஒரு சின்னத் தட்டில் இறைச்சியும் நாலு இலையும் மூன்று காளானும். எல்லாவற்றையும் வரிசையாக லென்ஸக்காவுக்கு முன்னால் அடுக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

லென்ஸக்கா சிரித்தாள். "மாத்திக் கொண்டுவந்துட்டீங்கம்மா. பக்கத்து மேஜைக்குப் போல. நாங்க நாலு பேரும் ஒரே சட்டி."

பரிமாறுகிற பெண் பையிலிருந்து துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். "இல்லைங்க, சரிதான். சார் போன்ல சொல்லியிருந்தாரே. ஒருத்தங்களுக்கு உடம்பு சரியில்லை, அவங்களுக்கு மட்டும் தனியாச் சின்னச் சட்டி வேணும்னு. மறந்துடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னாராம், எழுதியே வெச்சிருக்காங்க."

லென்ஸக்கா வழக்கம்போல முதலில் தம்பி மனைவியைத்தான் பார்த்தாள். நாலு மாதமாகப் பழகிப்போன கோபம், அதற்கு வழி தெரியும். ஆனால் தம்பி மனைவி அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கண் கலங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தம்பியோ கை துடைக்க வைத்திருந்த காகிதத்தை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"ரொம்பக் காரமா இருக்கும்னு சொன்னாங்கக்கா" என்றான், காகிதத்தைப் பார்த்தபடி. "உனக்குச் சேராதுல்ல. அதான்."

"காரமே இல்லைங்க சார்" என்றாள் பரிமாறுகிற பெண், பாவம், நல்ல மனசோடு. "வெறும் கடல்பாசித் தண்ணி. ரெண்டு சட்டியிலயும் அதேதான்."

குட்டி அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கைப்பைக்குள் சான்றிதழ் இருந்தது. எடுத்து மேஜை மேல் விரித்து வைத்திருக்கலாம். எழுந்து போயிருக்கலாம். லென்ஸக்கா இரண்டும் செய்யவில்லை. செய்தால் வாண்டுவுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போகும் என்று ஒரு நினைப்பு. அதைவிட, எழுந்திருக்கத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். ஒரு துண்டு இறைச்சியை எடுத்துத் தன் சட்டியில் ஆட்டினாள். நிறம் மாறியது. சாப்பிட்டாள். மிருதுவாக இருந்தது, நல்ல ருசியாகவும் இருந்தது. நன்றாயில்லை என்றால்கூடக் கொஞ்சம் தேவலை என்று தோன்றியது.

நடுச்சட்டியில் களைகட்ட ஆரம்பித்தது. தம்பி ஒரே நேரத்தில் ஐந்து துண்டைப் போட்டுத் தொலைத்துவிட்டுத் தேடினான். வாண்டு குச்சியால் ஒன்றையும் பிடிக்க முடியாமல் சிணுங்கினாள். ஆசைப்பட்டு எடுத்த காளான் இரண்டு தடவை நழுவி விழுந்தது.

"அத்தை, நீங்க எடுத்துக் குடுங்க. நீங்கதான் சூப்பரா எடுக்கிறீங்க" என்று கிண்ணத்தை மேஜை மேல் தள்ளினாள்.

லென்ஸக்கா யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். கைக்கெட்டிய தன் சட்டியிலிருந்து வழுவழுப்பான ஒரு காளானை லாவகமாகத் தூக்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மேஜையைக் கடந்து நீட்டினாள். வாண்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். காளான் கிண்ணத்துக்கு மேலே வந்தபோது தம்பியின் கை வந்து கிண்ணத்தை மூடியது. உள்ளங்கையை அகல விரித்து, மூடி போட்ட மாதிரி.

"சூடா இருக்கும்" என்றான்.

காளான் அவன் புறங்கைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு அவன் விரலில் விழுந்தது. அவன் சட்டென்று கையை இழுத்து, காகிதத் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தான். துடைத்த காகிதத்தை மேஜையில் வைக்கவில்லை, கீழே குனிந்து குப்பைக் கூடையில் போட்டான். கிண்ணத்தை வாண்டுவின் மடிப்பக்கம் நகர்த்திவிட்டான்.

லென்ஸக்கா காளானைத் திரும்பக் கொண்டுவந்து தன் வாயில் போட்டுக்கொண்டாள். சூடாகத்தான் இருந்தது. நாக்கு வெந்துபோனது, கண்ணில் நீர் வந்தது. நல்லவேளை, அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கடைசியில் பரிமாறுகிற பெண் சோறும் முட்டையும் கொண்டுவந்தாள். "இதை விட்டுடாதீங்க. இதுதான் விசேஷம். எல்லாரும் போட்டதோட சாறு பூரா இந்தத் தண்ணியிலதான் இறங்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பெரிய சட்டியில் சோற்றைக் கொட்டிக் கிளறினாள். மூன்று கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கொட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒரு கரண்டி வெறுஞ்சோற்றைச் சின்னச் சட்டியில் போட்டு, "உங்களுக்கும் அதேதாங்க" என்றாள். லென்ஸக்கா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தான் ஒருத்தி போட்டதின் ருசி மட்டும்தான் அதில் இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் தம்பி மனைவி பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றாள்.

"நான் உங்க தம்பிகிட்ட வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி. வீட்டிலேருந்து கிளம்புற வரைக்கும் சொன்னேன்."

"விடும்மா."

"எங்க டாக்டரையே கேட்டு வந்து சொன்னேன். பரவாதுன்னு எழுதியே வாங்கிட்டு வந்து காட்டினேன். கேக்கலை. போன மாசம் வாண்டுவுக்குச் சாதாரண இருமல். இவர் மூணு இடத்துல டெஸ்ட் எடுத்தார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார்." மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பச்சைத் தட்டை நான் வாங்கலை அண்ணி. அவர்தான் வாங்கிட்டு வந்தார். உங்களுக்கு என்மேலதான் கோபம்னு எனக்குத் தெரியும். போகட்டும், கூடப் பிறந்தவர்னு தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னு விட்டுட்டேன்."

லென்ஸக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் இவளைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக, இவள் ஏன் சொன்னாள் என்று இருந்தது. இவள்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை, என்றாவது ஒருநாள் தம்பி பேசுவான் என்று காத்திருக்க முடிந்தது. இனி யாருக்காகக் காத்திருப்பது? அவளுக்காகப் பேச வேண்டியவனே அவன்தான். பையில் பிஸ்கட் போட்ட கை அது. அந்தக் கைதான் கிண்ணத்தை மூடியது.

"சரிம்மா. முகத்தைக் கழுவிக்கோ, குழந்தை பார்க்கப்போறா" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. தம்பி இரண்டு தடவை கதவைத் திறந்து தண்ணீர் எடுத்தான். காகிதம் ஒன்று அங்கே இருந்ததும் இப்போது இல்லாததும் அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் லென்ஸக்கா அறையிலிருந்து வந்தபோது மேஜையில் நாலு தட்டு இருந்தது. நாலும் வெள்ளை. நாலு நாற்காலியும் இழுத்துப் போட்டிருந்தது. ஜன்னலோரத்துச் சின்ன மேஜையின் மேல் தம்பி மனைவி காய்ந்த துணியையெல்லாம் மலைபோல் குவித்து, உட்கார இடமே இல்லாமல் ஆக்கியிருந்தாள்.

"அண்ணி, இங்க வாங்க. இங்கதான் உக்காரணும்."

வாண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டித் தட்டிக் காட்டினாள். லென்ஸக்கா உட்கார்ந்தாள். வெள்ளைத் தட்டில் சோறு விழுந்தது. வாண்டுவின் முழங்கை அவள் முழங்கையில் பட்டது. ஒரு வருஷமாயிற்று அது பட்டு.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். மேஜையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். உட்கார்ந்தான். உட்காரும்போது வாண்டுவின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அதிகம் இல்லை, இரண்டு விரற்கடை இருக்கும். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அரை மில்லிமீட்டரைக் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

முழங்கை விலகியது. தம்பி சாப்பிடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாலாவது வெள்ளைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொடாததால் வாண்டுவும் தொடவில்லை. தம்பி மனைவி கரண்டியோடு நின்றாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பாருடா என்று சொல்ல லென்ஸக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவன் பார்ப்பான் என்று காத்திருந்தாள். சோறு ஆறும்வரை காத்திருந்தாள்.

பிறகு எழுந்தாள். ஜன்னலோரத்து மேஜையிலிருந்த துணியை வாரி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போட்டாள். அலமாரியிலிருந்து பச்சைத் தட்டை எடுத்து, வெள்ளைத் தட்டிலிருந்த சோற்றை அதில் மாற்றிக்கொண்டாள். வெள்ளைத் தட்டைத் தொட்டியில் போட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி.

"இங்கதாம்மா காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு லென்ஸக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் தம்பி சாப்பிட ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது.